‘கெட்’ என்ற ஆங்கில வினையைச் சரியாகக் கையாள: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் படகோட்டிகள், ஆட்டோ ஓட்டுபவர்கள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள். வந்த முதல் மாதத்தில் எல்லோரும் ஒரே சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள். மூன்றே எழுத்துள்ள ‘கெட்’ அது.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்குப் பொருள்கள் நீளமாக வரிசைகட்டி நிற்கும். அதை மனப்பாடம் செய்யப் போனவர்கள் யாரும் அதைப் பேச்சில் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை. ‘கெட்’ தனியாக நின்று பொருள் தருவதில்லை. அடுத்து வரும் சொல்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பழக்கத்தில் கொண்டுவரத்தான்.

ஆங்கில வாக்கியங்களை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

‘ஐ ஆம்’, ‘ஹீ இஸ்’, ‘தே வேர்’ என்ற வடிவங்களும் ‘ஹேவ்’, ‘ஹேட்’ என்ற வடிவங்களும் தடுமாறாமல் வர வேண்டும். வராவிட்டால் ஒரு வாரம் அதில் செலவிட்டுவிட்டு இங்கே வாருங்கள். ‘கெட்’டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கெட்’டை வைப்பதால் வருபவை.

அப்புறம் நான்கு வடிவங்கள்: கெட், கெட்ஸ், கெட்டிங், கொட். ‘கெட்டிங்’ எழுதும்போது ‘டி’ எழுத்து இரண்டு தரம் வரும். பிரித்தானிய வழக்கில் இறந்தகாலமும், ‘ஹேவ்’, ‘ஹேட்’டுக்குப் பின்னால் வரும் மூன்றாம் வடிவமும் ‘கொட்’தான், நம் பாடசாலைகளிலும் அதுவே. அமெரிக்கர்கள் மூன்றாம் வடிவத்தை ‘கொட்டன்’ என்பார்கள். விருந்தினர் அப்படிப் பேசினால் அது பிழையில்லை. நீங்கள் பரீட்சைக்குப் படிப்பவராக இருந்தால் இரண்டையும் கலக்காமல் ‘கொட்’டோடு நில்லுங்கள்.

2. ஒலியையும் வேரையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்

‘ஜெம்’, ‘ஜென்டில்’ என்று படித்துப் பழகிய பிள்ளைகள் சிலர் இதை ‘ஜெட்’ என்று வாசிக்கிறார்கள். வேறு சிலர் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் ககரம் போல வன்மையாகச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ‘தங்கம்’ என்ற சொல்லின் நடுவில் ககரம் எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலியைச் சொல்லின் முதலில் வைத்துப் பழகுங்கள்.

இந்த ஒலிக்குக் காரணம் சொல்லின் பிறப்பு. இங்கிலாந்தில் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று ஒரு வினை இருந்தது. 1200 ஆம் ஆண்டளவில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு உறவுச்சொல் இருந்தது. அது முன்னொட்டுகளோடு ஒட்டித்தான் வாழ்ந்தது, அதன் முதல் ஒலியும் யகரம்போல மெலிந்திருந்தது. நோர்ஸ்காரர்களின் வாயில் மெலியாமல் இருந்த ஒலியே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

வேர்ப்பொருள் எட்டிப் பிடித்தல், அடைதல். ‘மற’ என்பதற்கான ‘ஃபொகெட்’ இதே குடும்பம்: பிடித்திருந்ததை நழுவவிடுவது. புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘கொம்ப்ரிஹென்ட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லும் மிகப் பழைய காலத்தில் இதோடு ஒரே வேரில் பிறந்தது. நாமும் ‘கணக்குப் பிடிபடவில்லை’ என்று சொல்கிறோம் அல்லவா? ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்பது அச்சொட்டாக அதுதான். இந்த ஒப்புமையைச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் அந்த வாக்கியத்தை ஒருவரும் மறந்ததில்லை.

இந்தப் படியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. முன்பு கையில் இல்லை, இப்போது வந்துவிட்டது. ‘கெட்’ என்றால் ஒரு மாற்றம் நடந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதைச் சொல்ல இந்த வினை உதவாது.

3. ‘கெட்’டைக் கண்டதும் அடுத்த சொல்லைப் பாருங்கள்

வாக்கியம் முழுவதையும் மொழிபெயர்க்க அவசரப்படாதீர்கள். ‘கெட்’டுக்குப் பின்னால் நிற்பது என்ன வகைச் சொல் என்று மட்டும் பாருங்கள்.

பொருளின் பெயர் நின்றால் தமிழில் கிடை, வாங்கு, எடுத்து வா. ‘டயர்ட்’, ‘டார்க்’ போன்ற நிலையைச் சொல்லும் சொல் நின்றால் ஆகு, அல்லது ‘களைத்துப்போ’ என்பதில் வரும் போ. ‘டு’வும் இடப்பெயரும் நின்றால் போய்ச் சேர். ‘ஒன்’, ‘ஒஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொல் நின்றால் ஏறு, இறங்கு, எழும்பு. வினையின் மூன்றாம் வடிவம் நின்றால் படு.

இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இனி வருபவை இந்த ஐந்தும் ஒவ்வொன்றாக. வரிசையை மாற்றாதீர்கள். முதல் இரண்டும் உறுதியாகாமல் கடைசிக்குப் போனவர்கள் திரும்பி வர வேண்டியிருந்தது.

4. பெயர்ச்சொல் நின்றால்: ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்குங்கள்

‘எனக்கு வேலை கிடைத்தது.’ தமிழில் கிடைப்பது வேலை. நான் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறேன். ஆங்கிலம் அப்படி விடாது. கடைசியில் அது யார் கையில் இருக்கிறதோ, அவரை வாக்கியத்தின் முன்னால் நிறுத்த வேண்டும்: ‘ஐ கொட் அ ஜொப்.’

புதியவர்கள் ‘டு மீ கொட் ஜொப்’ என்றோ ‘ஜொப் கொட் மீ’ என்றோ சொல்வது இதனால்தான். மொழிபெயர்க்குமுன் தமிழ் வாக்கியத்தில் உள்ள ‘எனக்கு’, ‘அவளுக்கு’, ‘தம்பிக்கு’ ஆகியவற்றை வட்டமிடுங்கள். அவற்றை ‘ஐ’, ‘ஷீ’, ‘மை பிரதர்’ என்று மாற்றி முதலில் எழுதுங்கள். ஒரு வாரம் கையால் செய்தால் அப்புறம் வாய் தானாகச் செய்யும்.

அடுத்தது ஒருவருக்கு எடுத்து வந்து கொடுப்பது. ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயன்படும் வாக்கியம் இல்லை: ‘ஷல் ஐ கெட் யூ சம் வாட்டர்?’ ஆள் முதலில், பொருள் பின்னால், இடையில் ‘டு’ இல்லை. பொருளை முன்னால் வைத்தால் ‘ஃபோர்’ வேண்டும்: ‘ஐ வில் கெட் அ டவல் ஃபோர் யூ.’ தமிழின் ‘உங்களுக்கு’ என்பதில் உள்ள ‘கு’வைப் பார்த்து ‘டு யூ’ என்று போட்டுவிடுவார்கள். அந்த ‘டு’வைக் கண்டால் அடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என்னிடம் படித்த தம்பி ஒருவர் உணவகத்தில் பரிமாறுபவர். ஒரு மேசையில் இரண்டு விருந்தினர் இருந்தார்கள். ஒருவர் ‘ஐ வில் கெட் த பில்’ என்றாராம். பில்லை அவரே வந்து எடுக்கப்போகிறார் என்று நினைத்துத் தம்பி கவுன்டரிலேயே காத்துக்கொண்டிருந்தார். விருந்தினர் சொன்னது ‘பணம் நான் கட்டுகிறேன்’ என்று. அதே வாக்கியத்தைப் பரிமாறுபவர் சொன்னால் ‘பில்லைக் கொண்டுவருகிறேன்’ என்று பொருள். ‘லெட் மீ கெட் திஸ்’ என்று விருந்தினர் சொன்னாலும் பணம் கட்டும் பேச்சுத்தான்.

5. நிலையைச் சொல்லும் சொல் நின்றால்: ‘ஆகு’வா ‘இரு’வா?

எல்லாப் படிகளிலும் இதுவே கடினம். பொறுமையாக இருங்கள்.

‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ கொட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். முன்னது நிலை, பின்னது அந்த நிலைக்குள் போன நேரம். தமிழில் இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகவே தெரியும். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக மறந்துவிடுகிறோம்.

படகோட்டிகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். ‘த ஸீ இஸ் றஃப்’ என்றால் கடல் இப்போதே கொந்தளிப்பாக இருக்கிறது, போக முடியாது. ‘த ஸீ இஸ் கெட்டிங் றஃப்’ என்றால் கொந்தளிக்கத் தொடங்குகிறது, சீக்கிரம் திரும்ப வேண்டும். புறாத்தீவில் பவளப்பாறை பார்த்துக்கொண்டு தண்ணீரில் கிடப்பவர்களைக் கரைக்கு அழைக்கும்போது இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

காய்ச்சல் விஷயம் அடுத்தது. மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதை ‘ஐ ஆம் கெட்டிங் ஃபீவர் த்ரீ டேய்ஸ்’ என்று சொல்கிறார்கள். ‘காய்ச்சல் அடிக்கிறது’ என்ற நிகழ்கால வடிவத்தால் வந்த பிழை இது. மூன்று நாளாக இருப்பது நிலை. ‘ஐ ஹேவ் ஹேட் அ ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்’ என்பதே சரி. ‘ஐ ஆம் கெட்டிங் அ ஹெட்ஏக்’ என்றால் தலையிடி இப்போதுதான் தொடங்குகிறது. வெளிநாட்டு டொக்டர் ஒருவரிடம் சொல்லும்போது இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றலாம்.

‘நான் லேட்டாயிட்டன்’ என்ற பேச்சை அப்படியே பெயர்த்து ‘ஐ கொட் லேட்’ என்பார்கள். ஆங்கிலேயர் ‘ஐ வோஸ் லேட்’ என்பார்கள். நேரம் ஆகிக்கொண்டிருப்பதைச் சொல்ல ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ சரி. அங்கே மாறுவது நேரம்.

கல்யாணத்துக்கும் இதே விதி. ‘ஐ கொட் மேரீட் இன் 2015’ என்றால் அந்த ஆண்டு நடந்தது. ‘உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா?’ என்று கேட்டால் ‘ஐ ஆம் மேரீட்’ போதும். யாரை என்று சொல்ல ‘டு’ போடுங்கள். ‘அவரோட’ என்று தமிழில் நினைத்து ‘வித்’ போடாதீர்கள்.

கடைசியாக ஒரு பொறி. ‘டொக்டர் ஆக வேண்டும்’ என்பதிலும் ‘ஆகு’ இருக்கிறது என்று ‘ஐ வோன்ட் டு கெட் அ டொக்டர்’ என்று ஒரு தங்கச்சி எழுதினாள். டொக்டரைக் கூட்டிவர வேண்டும் என்று பொருள் மாறிவிட்டது. ‘டொக்டர்’ பெயர்ச்சொல்; மூன்றாம் படியில் எழுதியபடி பெயர்ச்சொல் நின்றால் கிடை, வாங்கு, எடுத்து வா. தொழிலையோ பதவியையோ அடைவதற்கு ‘பிகம்’ என்ற வேறு வினை இருக்கிறது.

6. இடம் நின்றால்: போனதா, போய்ச் சேர்ந்ததா?

‘கோ’ என்றால் போ. ‘கெட் டு’ என்றால் போய்ச் சேர். ‘வி வென்ட் டு மூதூர் அட் எய்ட்’ என்றால் எட்டு மணிக்குப் புறப்பட்டதாகவும் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். ‘வி கொட் டு மூதூர் அட் எய்ட்’ என்றால் எட்டு மணிக்கு மூதூரில் நிற்கிறீர்கள். இதில் குழப்பம் இல்லை.

ஆட்டோ ஓட்டுபவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி ‘ஹௌ டூ ஐ கெட் டு...?’ என்று தொடங்கும். பின்னால் கன்னியா வெந்நீரூற்றோ கோணேசர் கோயிலோ வரும். அவர் கேட்பது வழியை. விலையை இன்னும் கேட்கவில்லை. ‘ஹௌ’ என்ற சொல்லைக் கேட்டதும் கட்டணம் சொல்லத் தொடங்காதீர்கள்.

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘ஐ கொட் ஹோம்’ அவ்வளவுதான்.

7. சின்னச் சொல் நின்றால்: ஏறு, இறங்கு, எழும்பு

பஸ், ரயில், விமானம், கப்பல் என்று உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூடியவற்றுக்கு ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. கார், ஆட்டோ போலக் குனிந்து உள்ளே போய் உட்காருபவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஒவ்’. மேலே ஏறி இருக்கும் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ‘ஒன்’, ‘ஒஃப்’ பக்கம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் சின்னப் படகு ‘இன்’ பக்கம். ‘பிளீஸ் கெட் இன் த போட்’ என்று அழையுங்கள்.

நம் நாட்டில் பஸ்ஸிலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்பது வழக்கம். நமக்குள் பேசும்போது அது பிழையென்று நான் சொல்லமாட்டேன். இலங்கை ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு அது. வெளிநாட்டவர்களுக்கு ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே இறங்குவது. அவர்களிடம் ‘கெட் ஒஃப் அட் த க்ளொக் டவர்’ என்று சொல்லுங்கள். கடைக்காரர்கள் ‘வி கொட் டவுன் த குட்ஸ் ஃப்ரொம் கொழும்பு’ என்பதும் இதே மாதிரி. சாமான் இறக்கினோம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. வெளியே எழுதும் மின்னஞ்சலில் ‘ஓடர்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

‘வேக் அப்’ கண் விழிப்பது, ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழும்புவது. ‘கெட் பேக்’ திரும்பி வருவது. ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது. ‘கெட் ரிட் ஒவ்’ தொலைத்துக்கட்டுவது. ‘கெட் அலோங் வித்’ ஒருவரோடு ஒத்துப்போவது. இவற்றை வாக்கியத்தில் சந்திக்கும்போது எழுதிக்கொண்டால் போதும். பட்டியல் போட்டுப் படிக்க வேண்டாம்.

8. மூன்றாம் வடிவம் நின்றால்: ‘படு’வும் ‘செய்வி’யும்

‘ஹீ கொட் ஹேர்ட்’ காயப்பட்டான். ‘தே கொட் கோட்’ பிடிபட்டார்கள். ‘வி கெட் பெய்ட் ஒன் த டென்த்’ பத்தாம் திகதி எங்களுக்குச் சம்பளம் தரப்படும். ‘படு’வோடு பழகிய நமக்கு இது சுலபம்.

சிக்கல் அடுத்ததில். ‘தலைமுடி வெட்டினேன்’ என்று நாம் சொன்னால், சலூனில் வெட்டினார்கள் என்று எல்லோருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹெயார்’ என்றால் கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டியிருக்கிறீர்கள். பிறரைக் கொண்டு செய்வித்தால் ‘ஐ கொட் மை ஹெயார் கட்.’ ‘வீடு கட்டினேன்’, ‘மோட்டார்சைக்கிள் திருத்தினேன்’ எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: வேலையைச் செய்த கை யாருடையது?

வரிசை முக்கியம். ‘கொட்’, பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம்: ‘ஐ கொட் மை நெட் ரிப்பேர்ட்.’ ‘ஐ கொட் ரிப்பேர்ட் மை நெட்’ என்று எழுதினால் வாக்கியம் உடைந்துவிடும். பொருளின் இடத்தில் ஆள் வந்தால் ‘டு’ சேரும்: ‘ஐ கொட் மை அங்கிள் டு ரிப்பேர் த நெட்.’ கெஞ்சியோ சொல்லியோ செய்ய வைத்தது என்ற தொனி இதில் உண்டு. ‘மேக்’ போட்டால் கட்டாயப்படுத்தியது ஆகிவிடும், அங்கே ‘டு’வும் வராது.

9. ‘கொட்’ தரும் தனிக் குழப்பங்கள்

‘ஐ ஹேவ் கொட் டூ சன்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு மகன்மார் இருக்கிறார்கள். மாற்றம் இல்லாமல் ‘இரு’ என்ற பொருளில் வரும் ஒரே பெரிய விதிவிலக்கு இது. பிடித்துவிட்டதால் இப்போது கையில் இருக்கிறது என்று அது கிளைத்த விதத்தை நினைத்துக்கொண்டால் மறக்காது. ‘ஐ ஹேவ் கொட் டு கோ’ என்றால் போக வேண்டும்.

‘கெட் டு’வுக்குப் பின்னால் இடத்துக்குப் பதில் வினை வந்தால், செய்யக் கிடைத்தது என்று பொருள்: ‘வி கொட் டு ஸீ டொல்ஃபின்ஸ்’, டொல்பின் பார்க்கக் கிடைத்தது. ‘ஐ கொட் டு நோ தெட் த ஒஃபிஸ் இஸ் க்ளோஸ்ட்’ என்ற வாக்கியத்தை இங்கே எங்கும் கேட்கலாம். செய்தி ஒன்றை அறிந்ததற்கு ‘ஐ ஹேர்ட்’ அல்லது ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ போதும். ‘கெட் டு நோ’ ஒரு ஆளோடு மெல்ல மெல்லப் பழகி அறிவதற்கு.

10. எங்கே தவிர்க்க வேண்டும்

வேலை விண்ணப்பம், கந்தோருக்கு எழுதும் கடிதம், பரீட்சைக் கட்டுரை ஆகியவற்றில் ‘கெட்’டைக் குறையுங்கள். பேச்சுக்கு இதமான சொல் அங்கே தளர்வாகத் தெரியும். கடிதம் கிடைத்தால் ‘ரிஸீவ்’, அனுமதி பெற்றால் ‘ஒப்டெய்ன்’, போய்ச் சேர்ந்தால் ‘அரைவ்’, ஆவதற்கு ‘பிகம்’. மறுபக்கம், மேசையில் இருப்பவரிடம் ‘ஷல் ஐ ஒப்டெய்ன் யூ சம் வாட்டர்?’ என்று கேட்டுவிடாதீர்கள்.

11. ஏழு நாள் பயிற்சி

முதல் இரண்டு நாளும் நான்காம் படிக்கு. அடுத்த இரண்டு நாளும் ஐந்தாம் படிக்கு. பிறகு இடம், சின்னச் சொல் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். ஆறாம் நாள் எட்டாம் படி. நாளுக்குப் பத்து வாக்கியம் போதும்; ஆனால் அன்று உங்களுக்கு நடந்தவையாக இருக்க வேண்டும். சந்தையில் என்ன வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தீர்கள், யாரைக் கொண்டு எதைத் திருத்தினீர்கள். புத்தகத்து வாக்கியங்களைப் பார்த்து எழுதியவர்களுக்கு இரண்டாம் வாரம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஏழாம் நாள் புதிதாக எழுதாதீர்கள். எழுதிய அறுபதையும் எடுத்து, ஒவ்வொரு ‘கெட்’டின் தலைக்கு மேலும் அங்கே பொருந்தும் தமிழ் வினையைப் பென்சிலால் குறியுங்கள். ‘ஹேவ் கொட்’ தவிர வேறெங்காவது ‘இரு’ என்று எழுத வேண்டி வந்தால் அந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஹேவ்’ ஒன்றைப் போட்டுத் திருத்தி, சத்தமாக ஒரு தரம் வாசியுங்கள்.